பல் கூச்சத்துக்கு மருத்துவரிடம் போனால் பற்பசைதானே எழுதித் தருவார், எதற்குப் போக வேண்டும்?

எனக்கும் முதலில் அப்படித்தான் நடந்தது. பானைத் தண்ணீர் பட்டால்கூட இடது பக்கம் சுரீர் என்றது. முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூச்சத்துக்கான பற்பசையை எழுதிக் கொடுத்தார். ஓராண்டு அதிலேயே போனது.

அடுத்துப் போன பெண் மருத்துவர் ஒவ்வொரு பல்லின் மேலும் காற்றை ஊதிப் பார்த்தார். ஒரு பல்லில் ஊதியதும் என் கை நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் காட்டினார்: ஈறு இறங்கி, அதன் ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். கடினமான பிரஷ்ஷால் பல ஆண்டுகள் குறுக்காக அழுத்தித் தேய்த்ததன் தடம் அது.

பல்லின் மேலுறையான எனாமலுக்குள் இருப்பது டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஏராளம். உள்ளே திரவம் இருக்கிறது. ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ அவற்றின் வாய் திறந்துவிட்டால், குளிர்ச்சி பட்டவுடன் திரவம் நகர்ந்து நரம்பைச் சீண்டுகிறது. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் பிரான்ஸ்ட்ராம் ஆய்வுகளால் நிலைநாட்டிய விளக்கம் இது. ஆகவே, ஒன்று குழாயை அடைக்க வேண்டும், அல்லது நரம்பை அமைதிப்படுத்த வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை இரண்டாவதைச் செய்கிறது. தினமும் இரு வேளை தேய்த்தாலும் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கே நாளில் விட்டுவிட்டுப் பயனில்லை என்பவர்கள்தான் அதிகம்.

எனக்குப் பள்ளத்தைப் பல் நிறச் சிமெண்டால் அடைத்து, பக்கத்துப் பற்களுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறச் சொன்னார். கரித்தூள், செங்கல் பொடியைத் தொடவே வேண்டாம், எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்க வேண்டாம் என்றார்.

போகத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் வேறு. சூடான காபிக்குப் பிறகு வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, இரவில் எழுப்பினாலோ அது வெறும் கூச்சம் இல்லை. பல்லின் நரம்பு அழன்றிருக்கலாம். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது வலித்தால் பல்லில் விரிசல் இருக்கலாம். பற்பசை இவற்றுக்கு மருந்தாகாது. நாள் கடத்தினால் அடைப்போடு முடிய வேண்டியது வேர் சிகிச்சை வரை போய்விடும். எது பட்டால், எந்தப் பக்கம், எத்தனை வினாடி வலிக்கிறது என்று இரண்டு நாள் கவனித்துவிட்டுப் போங்கள். காற்று ஊதிப் பார்க்காமலே பற்பசை எழுதினால், எந்தப் பல் என்று கேளுங்கள்.