முதுமையில் சர்க்கரை: ரத்தப் பரிசோதனை முடிவுகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. வெறும் வயிற்றில் சர்க்கரை 98, ஹெச்பிஏ1சி 6.6. எதை நம்புவது?

பதில்: முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் ஹெச்பிஏ1சி சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை ஏறாமலேயே அது கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். ரத்தசோகை இல்லையென்றால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். முதியவர்கள் பலருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சர்க்கரை ஏறும். 6.5 என்பது நீரிழிவுக்கான எல்லைதான். ஆனாலும், அறிகுறி எதுவும் இல்லாதபோது ஒரே ஒரு முடிவை வைத்து அம்மாவை நோயாளி ஆக்கிவிட வேண்டாம். மறுபடி பரிசோதித்து உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 83. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை சாப்பிடுகிறார். ஹெச்பிஏ1சி 5.9 வந்திருக்கிறது. நல்ல கட்டுப்பாடுதானே?

பதில்: மகிழ்ச்சி அடையாதீர்கள், எனக்கு இது கவலை தருகிறது. இந்த மாத்திரையின் வேலை நீண்ட நேரம் நீடிக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் நீளும். ஒரு வேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். இளையவர்களுக்கு வரும் வியர்வையும் படபடப்பும் முதியவர்களுக்குத் தெளிவாக வராமல் போகலாம். குழறிய பேச்சு, திடீர்க் குழப்பம், தள்ளாட்டம் என்று வரும். 'வயதாகிவிட்டது' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், 5.9 என்ற பெருமையால் என்ன பயன்? திடமாக நடமாடும் முதியவருக்கு ஹெச்பிஏ1சி 7 முதல் 7.5 வரை போதும். பல நோய்கள் உள்ளவருக்கு 8 வரைகூட ஏற்கத்தக்கது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, 'இந்த மருந்தைக் குறைக்கலாமா, மாற்றலாமா' என்று கேளுங்கள்.

கேள்வி: இன்சுலின் அளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு 68 வயது. தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்கு மேலே ஏறி, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் குறைந்து, இடுப்புச் சுற்றளவும் கூடியிருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று ஊகிக்க அதுவே போதும்.

கேள்வி: பாட்டிக்கு 79 வயது, சர்க்கரை உண்டு, மெலிந்த உடம்பு. கிரியாட்டினின் 1.1. 'இயல்பு' என்று அச்சாகியிருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிடுகிறார். கால் மரத்துப்போகிறது என்கிறார்.

பதில்: கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. தசை குறைந்தவருக்குச் சிறுநீரகம் தளர்ந்தாலும் அது அதிகம் ஏறாது. பாட்டியின் வயதில் 1.1 என்றால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் கணக்கில் ஏறத்தாழ 51 வரும்; 60-க்குக் கீழே என்றால் குறைவு. மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரையை மட்டும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12 வைட்டமினைக் குறைக்கும். அந்தக் குறைவும் நரம்பைத் தாக்கும். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுகட்டிவிடலாம்.