பிளம்பிங் வேலைக்குப் புது வண்டி: டீசலா பெட்ரோலா என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். கூட இரண்டு பையன்கள். இதுவரை எக்ஸ்.எல்.லில் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஓட்டியாயிற்று, பெரிய சாமான் என்றால் குட்டி யானையை வாடகைக்குப் பிடிப்போம். இப்போது சொந்தமாகப் புது வண்டி எடுக்க நினைக்கிறேன். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓடும். மாதத்தில் சில நாள் பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கம் சைட் இருக்கும். 7 லட்சம் வரை போடலாம். டீசல்தான் மைலேஜ் என்கிறார்கள் சிலர், சி.என்.ஜி. என்கிறார்கள் சிலர், மச்சான் எலெக்ட்ரிக் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் போதும். வண்டி மாருதி ஈக்கோ கார்கோ, இல்லையென்றால் மாருதி சூப்பர் கேரி. இரண்டும் ஆன்ரோடு 7 லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த இரண்டில் எது என்பதுதான் எஞ்சினைவிடப் பெரிய முடிவு, அதை நீங்கள் கேட்கவே இல்லை. வண்டி வாங்கப் போகிற முக்கால்வாசிப் பேர் மைலேஜையும் டன்னேஜையும் மட்டும் விசாரித்துவிட்டு வருகிறார்கள், தன் சாமான் அதற்குள் எப்படி உட்காரும் என்று பார்ப்பதில்லை.

ஒரு வாரம், எந்தெந்த வேலைக்கு என்னென்ன கொண்டுபோகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பைப் ரெஞ்ச், டை செட், கோர் கட்டிங் மிஷின், கிரைண்டர், ஏணி, ஃபிட்டிங்ஸ் மூட்டை, எப்போதாவது ஒரு மோட்டார், இரண்டு கிளாசெட் பெட்டி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் 300 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும் அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வி30 பக்கம் போகவே வேண்டாம், பட்ஜெட்டும் இடிக்கும். உங்களுக்கு எடை பிரச்சினை இல்லை. நீளமும் அகலமும்தான் பிரச்சினை.

பைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடி, 20 அடி என்று வருகிறது. சூப்பர் கேரியின் தொட்டி நீளம் 2,183 மில்லிமீட்டர், அதாவது 7 அடி சொச்சம். டாடா ஏஸ் கோல்டும் கிட்டத்தட்ட அதே அளவு, 2025-ல் வந்த ஏஸ் புரோவுக்கு ஆறரை அடிதான். 10 அடி பைப்பைத் தொட்டியில் படுக்கப் போட்டால் பின்னால் 3 அடி துருத்திக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சரக்கு வெளியே நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், அதை இறக்கி வைக்கும் செலவும் உங்கள் தலையில். அதனால் திறந்த வண்டி எடுத்தால் கேபினுக்கு மேலே பைப்பைச் சாய்த்து ஏற்ற ஒரு ஃப்ரேம் அடித்தே ஆக வேண்டும், கேபின் முன்பக்கத்தைத் தாண்டிப் போகாதபடி. ஈக்கோ 3,675 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 12 அடி. மேலே நல்ல கேரியர் போட்டால் 10 அடி பைப் வண்டியின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 20 அடி பைப் இந்த இரண்டிலும் அடங்காது. அதைக் கடைக்காரரே சைட்டில் இறக்கித் தருவார், இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் பெரிய வண்டி பிடியுங்கள். மாதம் இரண்டு தடவை வரும் சாமானுக்காகப் பெரிய வண்டி வாங்கி, மீதி நாளெல்லாம் அதைக் காலியாக ஓட்டுவது வீண்.

தண்ணீர்த் தொட்டி இதற்கு நேர்மாறு. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒரு ஆள் தூக்கிவிடும் எடைதான், ஆனால் ஈக்கோவின் பின்கதவு வழியாக உள்ளே போகாது. புது வீட்டு வேலை அதிகம், தொட்டியும் பைப்பும் நீங்களே வாங்கி இறக்குகிறீர்கள் என்றால் சூப்பர் கேரி. ரிப்பேர், பாத்ரூம் மாற்றுவது, அப்பார்ட்மென்ட் வேலை என்று ஓடுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஈக்கோ கார்கோ. மூடின வண்டி, மழைக்குத் தார்ப்பாய் தேட வேண்டாம், ராத்திரி தெருவில் நிறுத்தினாலும் மிஷின்களை வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டாம். பக்கக் கதவு இழுவைக் கதவு என்பதால் சந்துக்குள் நிறுத்தியும் சாமான் எடுக்கலாம். உள்ளே ஒரு பக்கம் முழுக்க ரேக் அடித்து, எல்போ, டீ, கப்ளிங் எல்லாம் சைஸ் வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டால் ஒரு முக்கால் அங்குல எல்போவுக்காகப் பையனைக் கடைக்கு ஓட்டுவது நிற்கும், அந்த நேரமே மாதத்தில் பெரிய காசு. ஒன்று மட்டும்: பைப் ஒட்டும் சால்வென்ட் டப்பாக்களை மூடின வண்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடியை இறுக்கி, நிழலில் வைக்கிற பழக்கம் வேண்டும், அதன் ஆவி தீப்பிடிக்கும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

டீசல் ஆட்கள் சொல்வது பொய் இல்லை, கணக்கில் பாதிதான் சொல்கிறார்கள். பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 92.50 என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பங்க் விலையைப் போட்டு நீங்களே திரும்பப் பாருங்கள். ஊருக்குள் சாமானோடு நின்று நின்று ஓடினால் பெட்ரோல் வண்டி 14 கொடுக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 7.20 ரூபாய். டீசல் 18 கொடுத்தால் 5.15. மிச்சம் 2 ரூபாய் சொச்சம். டீசல் வண்டிக்கு 1 லட்சம் கூடக் கொடுத்தால் அந்த 1 லட்சம் திரும்பி வரவே ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீங்கள் வருஷத்துக்கு 15,000 ஓடுவீர்கள். மூணு வருஷத்துக்கு மேல், அதுவும் கூடுதல் கடனுக்கான வட்டி, டீசல் சர்வீஸ் செலவு எதையும் சேர்க்காமல். தினம் 80, 100 கிலோமீட்டர் ஓடுகிறவர், காய்கறி லோடோ பால் லோடோ அடிக்கிறவர் டீசல் எடுத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டியின் சைலன்சர் பக்கம் வெறும் குழாய் இல்லை. புகையில் உள்ள கரித்தூளைப் பிடிக்கும் ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாத் தண்ணீர் அல்லது வேறு அமைப்பு என்று வண்டிக்கு வண்டி ஏதாவது வைத்திருக்கிறார்கள். கரித்தூள் ஃபில்டர் உள்ள வண்டி அதை எரித்துச் சுத்தம் செய்ய, எஞ்சின் நன்றாகச் சூடாகி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். சிங்காநல்லூரிலிருந்து ராமநாதபுரம், அங்கே இரண்டு மணி நேரம் வேலை, அங்கிருந்து பீளமேடு என்று நாலு நாலு கிலோமீட்டராக ஓடுகிற வண்டியில் அது நடக்கவே நடக்காது. விளக்கு எரியும், கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவை குறையும், கடைசியில் பெரிய பில். 2025 செப்டம்பரில் 5.52 லட்சத்துக்கு வந்த டாடா ஏஸ் கோல்ட் பிளஸ் டீசலில் யூரியா ஊற்றுகிற வேலை இல்லை, அது நல்ல விஷயம்தான். ஆனால் அது 22 குதிரைசக்தி வண்டி. சூப்பர் கேரியும் ஈக்கோவும் 80 பக்கம். ஊருக்குள் இந்த வித்தியாசம் உறைக்காது, பொள்ளாச்சி ரோட்டில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது உறைக்கும்.

பெட்ரோலிலும் இரண்டு ஜாதி. ஏஸ் கோல்ட், ஏஸ் புரோ பெட்ரோல் எல்லாம் 694 சி.சி., இரண்டு சிலிண்டர், 30 குதிரைசக்தி. விலை குறைவு, 10 கிலோமீட்டர் சுற்றுக்குள்ளேயே வேலை என்றால் தாராளமாக எடுக்கலாம். பைபாஸில் ஏறி ஓடுகிறவருக்கு அது திணறும், திணறுகிற எஞ்சின் பெட்ரோலும் கூடக் குடிக்கும். ஈக்கோவின் குறை என்னவென்றால் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் தொடைப் பக்கம் சூடு தெரியும், சர்வீசுக்குச் சீட்டைத் தூக்க வேண்டும். சூப்பர் கேரியிலும் அதே கதைதான்.

சி.என்.ஜி. கிலோமீட்டர் செலவில் பெட்ரோலை அடித்துவிடும், சந்தேகமே இல்லை. கேள்வி பங்க் எங்கே இருக்கிறது என்பது. நீங்கள் தினம் போகும் வழியில் இருக்க வேண்டும், காலை 8 மணிக்கு அங்கே எத்தனை வண்டி நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். காஸுக்காக 5 கிலோமீட்டர் சுற்றி, அரை மணி நேரம் வரிசையில் நின்று, இரண்டு பையன்களுக்கும் அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்தால் மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று? சிலிண்டர் எடையும் உண்டு. சூப்பர் கேரியில் சி.என்.ஜி. எடுத்தால் ஏற்றும் எடை 100 கிலோவுக்கு மேல் குறைகிறது, கூடவே வரும் பெட்ரோல் டேங்க் வெறும் 5 லிட்டர், அது அவசரத்துக்குத்தான். ஈக்கோவில் சிலிண்டர் எந்த இடத்தை அடைக்கிறது என்று ஷோரூமில் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ரேக் அடிக்கும் இடம் போய்விட்டால் மூடின வண்டி வாங்கியதற்கே பாதிப் பயன் போய்விடும். 3 வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் டெஸ்ட் கட்டாயம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மச்சான் சொல்வதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஏஸ் புரோ எலெக்ட்ரிக் 2025-ல் 6.50 லட்சத்துக்கு வந்தது, பேட்டரி 14.4 யூனிட், கம்பெனி சொல்லும் தூரம் 155 கிலோமீட்டர். லோடு, வெயில், டிராபிக் எல்லாம் போக 100 என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் ஊர் ஓட்டத்துக்கு இரண்டு நாள் தாங்கும். 50 கிலோமீட்டருக்கு 7, 8 யூனிட் கரண்ட் போதும், யூனிட் 10 ரூபாய் என்றாலும் 80-க்குள். பெட்ரோலில் அதே தூரம் 360. இந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை. வீட்டில் வண்டி நிறுத்தச் சொந்த இடமும் பிளக் பாயின்ட்டும் இருந்து, வெளியூர் சைட்டை விட்டுவிடத் தயார் என்றால் நானே எலெக்ட்ரிக் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி சொல்கிறீர்கள், தொட்டி ஆறரை அடி, ஐந்து வருஷம் கழித்து விற்கப் போனால் என்ன விலை வரும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. கையில் ஒரே ஒரு வண்டி வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு நான் இப்போதைக்குப் பெட்ரோல்தான் சொல்வேன்.

பையன்கள் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கார்கோவில் முன்னால் இரண்டு சீட்தான். மூன்றாவது ஆள் எக்ஸ்.எல்.லில் வரட்டும், அதை விற்றுவிடாதீர்கள். பின்னால் சாமானோடு உட்கார வைத்துப் போவதை எல்லோரும் செய்கிறார்கள், ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். ஐந்து சீட் ஈக்கோவை வெள்ளை போர்டில், அதாவது சொந்த உபயோகக் காராக எடுத்து, பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று ஏஜென்ட் யாராவது யோசனை சொல்வார். கேட்காதீர்கள். கிளெய்ம் வரும்போது அதே தலைவலி, போதாததற்கு ஜி.எஸ்.டி.யும் போகும்.

ஜி.எஸ்.டி. பற்றி: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு 28 சதவீதம் 18 ஆகிவிட்டது. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு வைத்து ரெகுலராகக் கட்டுகிறவர் என்றால், சரக்கு வண்டிக்குக் கட்டிய அந்த 18 சதவீதத்தையும் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். வரிக்கு முன் 5 லட்சம் விலை என்றால் 90,000 ரூபாய். ஐந்து சீட் பயணிகள் வண்டிக்கு இது கிடையாது, காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகள் வரித் திட்டத்தில் இருப்பவருக்கும் கிடையாது. பில் கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு வர வேண்டும், புக்கிங் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சரக்கு வண்டிக்கு மஞ்சள் போர்டுதான், அதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது, 7,500 கிலோவுக்குள் இருந்தால் தனி பேட்ஜ் வேண்டாம். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று மட்டும் உண்டு, எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதன் பிறகு வருஷா வருஷம்.

இன்சூரன்ஸில் ஷோரூம்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டியில் வாடகைக்கு ஓடுவது, சொந்தச் சாமான் மட்டும் ஏற்றுவது என்று இரண்டு வகை. 2022-ல் அறிவித்த மூன்றாம் நபர் கட்டணப்படி, 7,500 கிலோவுக்குள் வாடகை வண்டிக்கு 16,049 ரூபாய், சொந்தச் சரக்கு வண்டிக்கு 8,510. பாதிக்குப் பாதி. ஷோரூமில் பழக்கத்தில் முதல் வகையைப் போட்டு நீட்டிவிடுவார்கள், கொட்டேஷனிலேயே பார்த்துக் கேளுங்கள். சொந்தச் சரக்கு வகையில் எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரருக்கு வாடகைக்கு வீடு மாற்றித் தரக் கூடாது, அன்றைக்கு இடித்தால் பாலிசி நிற்காது.

ஷோரூமுக்குப் போகும்போது டேப்போடு உங்கள் மிகப் பெரிய டூல் பெட்டியையும் எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பாருங்கள், டெஸ்ட் டிரைவில் பையன்கள் ஒருவரைக் கூட உட்கார வைத்து உக்கடம் மேம்பாலம் ஏறி இறங்குங்கள். வருஷக் கடைசியில் வாங்கினால் வண்டி தயாரான மாதத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏழெட்டு மாதம் யார்டில் கிடந்த வண்டி என்றால் அதற்குத் தகுந்த தள்ளுபடி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேரியரும் ரேக்கும் ஷோரூமில் வேண்டாம், நல்ல ஒர்க்‌ஷாப்பில் பாதி விலைக்கு அடித்துத் தருவார்கள். ஆனால் அந்த இரும்பின் எடையும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள்தான் வரும் என்பதால், கனமான ஆங்கிளைப் போட்டு வண்டியைச் சுமக்க வைக்காதீர்கள், மெல்லிய சதுரக் குழாய் போதும்.