பழி இருக்கட்டும், அந்த 50 ஆயிரத்துக்கு வாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். 20 வருட நண்பனுக்கு 7 லட்சம் கடன் கொடுத்தேன். நடையாய் நடந்த பிறகு அக்டோபர் 6 தேதியிட்டு முழுத் தொகைக்கும் செக் கொடுத்தான். அக்டோபர் 20-ல் ஜிபே மூலம் 50 ஆயிரம் மட்டும் அனுப்பினான். செக்கை வங்கியில் போட்டேன், நவம்பர் 12-ல் பணமில்லை என்று திரும்பிவிட்டது. கேட்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, தெரு பார்க்க, "யார்யா நீ?" என்றான். தை மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண் கல்லூரியில் ஒருவரைக் காதலித்தது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுவேன் என்று அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். துரோகம் செய்தவனைப் பழிவாங்குவது பாவமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 20 வருட நட்பு, அவருக்கு நீங்கள் செய்த உதவிகள், வாசலில் பட்ட அவமானம் எதுவும் நீதிமன்றத்துக்கு வேண்டாம். போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் வேண்டும்: அக்டோபர் 20-ல் வந்த 50 ஆயிரம்.

செக் கையில் வந்த பிறகு கடனில் ஒரு பகுதி வந்துவிட்டது. அதன் பிறகு நீங்கள் வங்கியில் போட்டது 7 லட்சத்துக்கான செக். அன்றைக்கு அவர் தர வேண்டியிருந்தது ஆறரை லட்சம்தான். இப்படி ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வந்த தொகையைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டு அது திரும்பினால், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்றம் ஆகாது. அந்த 50 ஆயிரம் வேறு கொடுக்கல் வாங்கலுக்காக வந்தது என்று உங்களால் காட்ட முடியாவிட்டால், செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த நவம்பர் 12 மெமோவை வைத்துப் போடும் வழக்கு நிற்காது. எதிர்த்தரப்பு வக்கீல் ஜிபே ஸ்டேட்மென்ட் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

வழி அடைபட்டுவிடவில்லை. செக் மூன்று மாதம் செல்லும், அதாவது ஜனவரி 5 வரை. ஒரே செக்கைத் திரும்பப் போட்டு, அந்த இரண்டாவது மெமோவை வைத்து வழக்குப் போடலாம் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. வந்த 50 ஆயிரத்தைச் செக்கில் எழுதி, மீதிக்குப் போட வேண்டும். கிளையில் இதை வாங்கத் தயங்குவார்கள், மேலாளரிடம் நேரில் பேசுங்கள். இதைவிட நல்லது, ஆறரை லட்சத்துக்குப் புதிதாக ஒரு செக் வாங்கிவிடுவது. அந்த வழியைத்தான் உங்கள் வாய்ஸ் மெசேஜ் கெடுத்துவைத்திருக்கிறது.

பணத்தைக் கேட்பது உங்கள் உரிமை. மகள் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது மிரட்டல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்வேன் என்று மிரட்டினால், கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவதற்கு வைத்திருக்கும் அதே தண்டனைதான், ஏழு வருடம் வரை. பயமுறுத்திப் பணம் பறித்ததாக 308-ஐயும் சேர்த்துப் புகார் எழுதுவார்கள், அதற்கும் ஏழு வருடம் வரை. பணம் உங்களுடையது என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை ஜாமீன் மனுவோடு நின்று செய்ய வேண்டியிருக்கும். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பதும் அவதூறு வழக்கில் தனியாக உதவாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொன்னதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பழைய காதலை மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வதில் என்ன பொது நன்மை?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அந்த மெசேஜுக்குப் பயந்து அவர் நாளை புதுச் செக்கோ ஒப்பந்தமோ எழுதிக் கொடுத்தால், அதையே "மிரட்டி வாங்கினார்" என்று பின்னால் மறுக்க முடியும். நல்ல கடனுக்கு நீங்களே கெட்ட பத்திரம் வாங்கியதாக ஆகிவிடும். என்னிடம் வந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. மண்டபத்து வாசலில், கடன் வாங்கியவரைச் சொந்தபந்தம் முன்னால் நிற்க வைத்து, நான்கு லட்சத்துக்குப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். அந்தப் பத்திரத்தின் ஓரத்தில் சந்தனக் கறைகூட இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். விசாரணையில் அந்த வீடியோ ஓடியபோது அவர் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடன் உண்மை, அவர் பேச்சும் உண்மை. கடைசியில் பத்திரத்தையும் புகாரையும் சேர்த்து முடிக்க, பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டார்.

பாவமா என்று கேட்டீர்கள். துரோகம் செய்தவர் அப்பா. நீங்கள் குறிவைத்திருப்பது மகளை. அந்தப் பெண் உங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை, எந்தச் செக்கிலும் கையெழுத்துப் போடவில்லை. அப்பா செய்ததற்கு அவளை மணமேடையிலிருந்து இறக்குவதைப் பழிவாங்குவது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அது பாவம்தான். நீங்கள் என் கட்சிக்காரராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த மெசேஜை அழிக்காதீர்கள். அவர் போனில் அது இருக்கும், நீங்கள் அழித்தால் மறைத்தீர்கள் என்றாகும். இனி அவரிடமோ அந்த வீட்டில் யாரிடமுமோ நேரில், போனில் பேசாதீர்கள். வக்கீல் மூலம் மட்டும் பேசுங்கள். கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம் ஆகவில்லை என்றால் சிவில் வழக்கும் கையில் இருக்கிறது, அந்தத் தேதியை நீங்கள் எழுதவே இல்லை.

என்னைக் கேட்டால், சமரசத்துக்குப் போங்கள். ஆறரை லட்சத்தில் 50 ஆயிரம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, தவணை கல்யாணத்துக்குப் பிறகே தொடங்கட்டும். ஆனால் வீட்டுத் திண்ணையில் எழுதாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடியுங்கள். வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம். அங்கே பதிவாகும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. இரு தரப்பும் நீதிபதி முன்னால் கையெழுத்துப் போடுவதால், மிரட்டி வாங்கினார் என்று பின்னால் சொல்வது எளிதல்ல. பேச்சு நீண்டுகொண்டே போனால் ஜனவரி 5-ஐ மறந்துவிடாதீர்கள்.

செக், வங்கி மெமோ, அக்டோபர் 20 ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உள்ளூரில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அந்த வாய்ஸ் மெசேஜையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.