பாலைவன ஊரில் குழாய்த் தண்ணீர்: கேட்டவையும் சொன்னவையும்

அபுதாபியின் மேற்குப் பக்கம், அல் தஃப்ரா வட்டாரத்தில் தண்ணீர்ப் பரிசோதனை வேலை பார்ப்பவன் நான். ருவைஸ், கயாத்தி, மதீனத் சாயித், லிவா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். நோய்க்கு மருந்து கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு நான் ஆள் இல்லை.

ருவைஸிலிருந்து ஒரு சகோதரி: குழாயில் வருவதைக் குடிக்கலாமா? இங்கே எல்லாரும் கேன்தான் வாங்குகிறார்கள்.

ஆலையிலிருந்து கிளம்பும்போது தாராளமாகக் குடிக்கலாம். கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கியோ சவ்வு வழியாக அழுத்தியோ உப்பை எடுக்கிறார்கள். அப்படி வரும் வெறும் நீர் குழாயை அரிக்கும் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்த்து, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். வழியெங்கும் பரிசோதனையும் நடக்கிறது.

உங்கள் கட்டடத்து மீட்டரைத் தாண்டிய பிறகுதான் பிரச்சினையே. கீழே ஒரு டேங்க், மாடியில் ஒரு டேங்க். மூடி சரியாக உட்காராவிட்டால் மணல், பூச்சி, புறா எச்சம் எல்லாம் உள்ளே. எனவே என்னிடம் கேட்பதைவிட உங்கள் நாத்தூரிடம் (கட்டடக் காவலாளி) கேளுங்கள்: டேங்க் கடைசியாக எப்போது கழுவியது? ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவியிருக்க வேண்டும். பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்தால் கேன் வாங்குங்கள். அந்தக் கேனையும் பால்கனி வெயிலில் வைக்காதீர்கள்.

கயாத்தி, தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் தம்பி: அண்ணே, ஜூலை மாதம் குழாயைத் திறந்தால் கை பொசுங்குகிறது. குளிர்காலத்தில் அடிக்கும் குளோரின் வாடை அப்போது இல்லை. நல்ல தண்ணீராக மாறிவிட்டதா?

தலைகீழ், தம்பி. குளோரின் வாடை இருந்தால் அந்தத் தண்ணீருக்கு இன்னும் காவல் இருக்கிறது என்று பொருள். சூடு ஏற ஏற குளோரின் வேகமாகக் காலியாகும். மாடி டேங்க் நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் மாலைக்குள் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். வாடை இல்லாத வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் கொஞ்சம் வண்டல்: கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. நீச்சல்குளச் சாமான் விற்கும் கடையில் டிபிடி மாத்திரை கிடைக்கும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒன்றைப் போட்டால் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை காட்டினால் போதும். நிறமே மாறவில்லை என்றால் சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சைவிட அது எடுபடும். நிறம் வந்த தண்ணீரை மட்டும் கீழே ஊற்றிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

மதீனத் சாயித்: கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் நிற்கும் தண்ணீரைத்தான் குளிர்ந்த தண்ணீராகக் குளிக்கிறோம். ஆபத்தா?

வளைகுடாவில் பாதி வீட்டில் இந்தத் தந்திரம்தான், நானும் செய்கிறேன். வீட்டுக்குள் ஏசி குளிரில் இருப்பதால் ஹீட்டர் தண்ணீர் மாடி டேங்க் தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்கும். தினமும் குளித்துத் தீர்க்கும் வீட்டில் பெரிய கவலை இல்லை. ஆனால் லீஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரிக்குள் நன்றாகப் பெருகும். வயிற்று வழியாக அல்ல, ஷவரின் நுண்திவலையை மூச்சில் இழுப்பதால் நுரையீரலைத் தாக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் நேராக ஷவருக்கு அடியில் நிற்காதீர்கள். ஹீட்டரை 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள், சுடுநீரில் கை வைக்காமல். அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

ருவைஸ்: ஃபில்டர் விற்க வந்தவர் இரண்டு கம்பியை எங்கள் தண்ணீரில் விட்டு கரண்ட் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆனது. அவர் ஃபில்டர் தண்ணீர் அப்படியே இருந்தது. பயந்து முன்பணம் கொடுத்துவிட்டேன்.

முடிந்தால் திரும்ப வாங்குங்கள். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சத்து இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். நீங்கள் பார்த்த அழுக்கு கம்பியின் துரு. அவருடைய தண்ணீரில் உப்பே இல்லாததால் மின்சாரம் பாயவில்லை. அடுத்த முறை வந்தால் அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். கரைந்திருக்கும் உப்பைத் தோராயமாகச் சொல்லும், அவ்வளவே. கிருமியோ குரோமியம் போன்ற நச்சு உலோகமோ அதற்குத் தெரியாது. ஏற்கெனவே உப்பு நீக்கிய தண்ணீரை வீட்டில் இன்னொரு ஆர்ஓவில் விடுவது காசுக்கும் தண்ணீருக்கும் கேடு. குளோரின் சுவை பிடிக்கவில்லை என்றால் கரி ஃபில்டர் போதும், கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்றுபவராக இருந்தால் மட்டும். மாற்றாமல் விட்டால் கிருமி வளர்வது அதற்குள்ளேதான்.

பல பேர்: இந்தத் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறதா?

உப்பு நீக்கிய தண்ணீர் மென்நீர், ஊரில் பல போர்வெல்லைவிட மென்மையானது. கிணற்று நீர் லாரியில் வரும் கேம்ப்பில் முடி சொரசொரப்பாகும், உண்மைதான். வேரோடு கொட்டுவது வேறு விஷயம். சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், அப்பாவின் வழுக்கை, இவற்றை முதலில் விசாரியுங்கள்.

லிவா, மஸ்ராவில் (விவசாயத் தோட்டம்) வேலை பார்ப்பவர்: தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும், மற்றபடி கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஸ்வீட் வாட்டர் (குடிநீர்) லாரி சில வாரம் வராது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா சார்?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) பரவலாக இருக்கிறது. இங்கே அதைக் கொட்டிய தொழிற்சாலை எதுவும் கிடையாது. 2010இல் வந்த ஓர் ஆய்வு ஒரு விளக்கம் தந்தது: ஓமன் பக்கத்து ஹஜர் மலைப் பாறைகளில் குரோமியம் உண்டு, அந்தப் பாறைத் தூள் காற்றில் பறந்து வந்து மணலில் படிகிறது, எப்போதோ பெய்யும் மழை அதைக் கரைத்து நிலத்துக்குள் இறக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வைத்த அளவு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். அந்த ஆய்வு சொன்ன அளவுகள் சில இடங்களில் 1000ஐத் தாண்டின. நிறமும் வாடையும் உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது.

அப்புறம் நைட்ரேட். உரம் போட்டுப் பாசனம் செய்யும் மணல் நிலத்தில் அது நேராகக் கீழே இறங்கும். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் உப்பும் குரோமியமும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். யாராவது குடும்பத்தோடு வந்து தங்கினால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கவே கூடாது. நைட்ரேட் அதிகமானால் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும்.

குடிக்க நல்ல தண்ணீர் தருவது உங்கள் அர்பாபின் (முதலாளி) பொறுப்பு, கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. லாரி வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மூடி உள்ள கேன்களில் தனியாகப் பிடித்து நிழலில் வையுங்கள். துவைக்க, கழுவ கிணற்று நீர் போதும்.

தர்மபுரிக்காரர், இப்போது ருவைஸ்: ஊரில் ஃப்ளோரைடால் பல் கறை பார்த்தே வளர்ந்தோம். இங்கேயும் பயந்து மகளுக்கு ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்குகிறேன்.

உங்கள் பயம் ஊருக்குச் சரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இங்கே நிலைமை எதிர். கடல்நீரிலிருந்து உப்போடு ஃப்ளோரைடும் போய்விடுகிறது. மகளுக்குச் சாதாரண ஃப்ளோரைடு பேஸ்டே வாங்குங்கள், மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு.

லிவா: மண்ணுக்கடியில் தண்ணீர் சேமித்திருக்கிறார்களாமே, அதுவும் கிணற்று நீர்தானா?

இல்லை. ஷுவைஹத் ஆலையில் உப்பு நீக்கிய நீரைக் குழாயில் கொண்டுவந்து மணலுக்கடியில் இறக்கிச் சேர்த்தது. சுமார் 2.6 கோடி கனமீட்டர், 2018இல் நிறைவு பெற்றதாக அறிவித்தார்கள். கடலில் எண்ணெய் கொட்டினாலோ செம்பாசி பரவினாலோ ஆலையை நிறுத்த நேரிடும். 2008-09இல் செம்பாசி வந்து அமீரகத்தில் சில ஆலைகளை நிறுத்தவும் செய்தார்கள். அப்படி ஒரு நாளில் 10 லட்சம் பேருக்குத் தலைக்கு 180 லிட்டர் வீதம் 90 நாள் கொடுப்பது கணக்கு.

ஜலநேதி செய்பவர்: குழாய்த் தண்ணீரை மூக்கில் விடலாமா?

காய்ச்சி ஆறவைத்த நீர் மட்டும். வெதுவெதுப்பான நீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். 1960களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா வட்டாரத்தில் இதனால் உயிர்கள் போயின. வெயிலில் கிடந்த நீண்ட குழாய்களில் தண்ணீர் சூடாகி வந்ததுதான் அங்கே காரணமாயிற்று.

கயாத்தி, தனி வீடு: டேங்க்கை நாங்களே கழுவலாமா?

சிறிய டேங்க், வெளியே நின்று நீளப் பிரஷ்ஷால் எட்டும் என்றால் செய்யலாம். வடித்து, தேய்த்து, வண்டலை வெளியேற்றிய பிறகு நிரப்புங்கள். வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச், 1000 லிட்டருக்கு 1 லிட்டர். வீட்டுக் குழாய்களைத் திறந்து வாடை வரும்வரை ஓடவிட்டு மூடி, 12 மணி நேரம் நிற்கட்டும். அதுவரை யாரும் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். பிறகு முழுக்க வடித்து, நல்ல நீரால் அலசி நிரப்புங்கள்.

உள்ளே இறங்க வேண்டிய டேங்க் என்றால் நீங்கள் செய்யாதீர்கள். மூடிய தொட்டியில் காற்று இல்லாமல் ஒருவர் மயங்கி, காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் சேர்ந்து சாவது இந்தத் தொழிலில் நடக்கிற விஷயம். லைசென்ஸ் உள்ள கம்பெனியைக் கூப்பிடுங்கள், ரசீதில் தேதி போட்டு வாங்கி வையுங்கள்.