கக்கம் நனையுதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வியர்வை பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போனால் வெயில் கடுமை, ஆனால் வியர்வை காய்ந்துவிடும். இந்தப் பக்கம் காற்றிலேயே ஈரம். வியர்வை உடம்பிலும் சட்டையிலும் அப்படியே தங்கிவிடுகிறது.

துணிக்கடையில் வேலை. காலை 9.30 மணிக்கு ஏறினால் ராத்திரி 9 மணி வரை நிற்க வேண்டும். மூன்று கம்பெனி ஸ்பிரே மாற்றிப் பார்த்துவிட்டேன். 11 மணிக்கெல்லாம் சுடிதார் கக்கம் நனைந்துவிடுகிறது. வியர்வை நிற்க நல்ல டியோ எது?
*வாசகி, மார்த்தாண்டம்*

டியோவால் வியர்வை நிற்காது. மூன்று கம்பெனி மாற்றியும் பலன் இல்லாததற்குக் காரணம் அதுதான். டியோடரன்ட் என்பது நாற்றத்துக்கானது. அக்குளில் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. டியோவில் இருக்கும் ஆல்கஹால் அந்தப் பாக்டீரியாவைக் கொஞ்ச நேரம் அடக்கும், சென்ட் மீதியை மூடும். அவ்வளவுதான். ஸ்பிரே டப்பாவில் மீதி இடத்தை அடைத்திருப்பது பெரும்பாலும் சமையல் கேஸில் உள்ள அதே பியூட்டேன், புரொப்பேன்.

உங்களுக்குத் தேவை ஆன்டிபெர்ஸ்பிரன்ட். கடையில் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி, இரண்டையும் டியோ என்றே விற்பார்கள். முன்பக்கம் எழுதியிருக்கும் ‘48 மணி நேரம்’, ‘கூல்’, ‘பவர்’ எதையும் பார்க்க வேண்டாம். டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் ‘அலுமினியம்’ என்று தொடங்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். சாதாரண ரோல்-ஆன்களில் அது அலுமினியம் குளோரோஹைட்ரேட். ஸ்டிக் வகைகள் சிலவற்றில் அலுமினியம் ஜிர்கோனியம் கலவை. அந்தப் பெயரே இல்லையென்றால் 500 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அது வாசனைத் திரவியம்தான்.

இந்த அலுமினிய உப்பு வியர்வையில் கரைந்து, வியர்வைத் துளையின் வாயில் ஜெல் போல உறைந்து, சின்ன அடைப்பாக நிற்கும். மேல்தோல் உதிர உதிர அடைப்பும் போய்விடும் என்பதால் திரும்பப் பூச வேண்டியிருக்கிறது.

பலரும் கோட்டைவிடுவது நேரத்தில். காலையில் குளித்து, அவசரமாகப் பூசி, சுடிதாரை மாட்டிக்கொண்டு பஸ்சுக்கு ஓடினால் பெருகி வரும் வியர்வை மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், அடைப்பு உருவாகவே நேரமிருக்காது. பூச வேண்டியது ராத்திரி. தூங்கும்போது அக்குள் வியர்வை குறைவு. சாயங்காலம் குளித்த கையோடு பூசாமல், ஃபேனுக்கு அடியில் 15 நிமிடம் உட்கார்ந்து அக்குளை நன்றாகக் காயவிடுங்கள். துண்டால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. ரோல்-ஆன் உருண்டையை மேலும் கீழுமாக மூன்று முறை இழுத்தால் போதும். வழிகிற அளவுக்குப் பூசினால் பலன் கூடாது, நைட்டியில்தான் ஒட்டும். கையைச் சற்றுத் தூக்கி ஐந்து நிமிடம் காயவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் சோப்புப் போட்டுக் குளிக்கலாம், அடைப்பு துளைக்குள் இருப்பதால் குளியலில் போகாது. வாசனை வேண்டுமென்றால் அதன் மேல் உங்கள் பழைய ஸ்பிரேயை அடித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் தினமும் ராத்திரி இப்படிச் செய்த பிறகு பலனைக் கணக்குப் பாருங்கள். முற்றிலும் உலர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்க விதியில், பூசிப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு வியர்வை 20 சதவீதம் குறைந்தாலே ஒரு பொருளை ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று விற்கலாம், ‘எக்ஸ்ட்ரா’ என்று போட 30 சதவீதம் குறைய வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் 11 மணிக்கே நனைகிறதென்றால் அடுத்த படி மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் கரைசல். அதைப் பற்றி அடுத்த கேள்வியில் பாருங்கள்.

ரோல்-ஆனா, ஸ்டிக்கா, ஸ்பிரேயா என்றால் நம் ஊர் ஈரத்துக்கு எங்கள் ஓட்டு ரோல்-ஆனுக்கு. தோலில் படுகிற அளவு கைவசம் இருக்கும். ஒருவர் பயன்படுத்துவதை வீட்டில் இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பது மட்டும் அதில் உள்ள தொல்லை.

மெடிக்கல் ஸ்டோரில் 20 சதவீத அலுமினியம் குளோரைடு லோஷன் வாங்கிப் பூசினேன். இரண்டாம் நாளே எரிச்சல், சிவந்துவிட்டது. எனக்கு ஒத்துக்கொள்ளாதா?
*வாசகர், தக்கலை*

ஒத்துக்கொள்ளாது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் ஈரத்தோலில் பூசியதுதான் காரணம். இந்த உப்பு தண்ணீரைச் சந்தித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அளவு மிகக் குறைவு, ஆனாலும் அக்குள் தோலுக்கு அது போதும். சவரம் செய்த அன்றே பூசியிருந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். சவரத்துக்கும் இந்த லோஷனுக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

இப்போது சிவப்பு அடங்கும் வரை நிறுத்துங்கள். எரிச்சல் கடுமையாக இருந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் இரண்டு மூன்று நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பத் தொடங்கும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி, காய்ந்த தோலில், மெல்லிசாக. காலையில் மறக்காமல் கழுவிவிட வேண்டும். 10 அல்லது 12 சதவீதம் கிடைத்தால் அதற்கு இறங்கிவிடுவது நல்லது. வியர்வை அடங்கியதும் தினமும் தேவையில்லை, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். இத்தனையும் கவனமாகச் செய்தும் எரிந்தால்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

படிகாரம், எலுமிச்சம்பழம், சோடா உப்பு. இவற்றில் எது நல்லது?
*வாசகர், குளச்சல்*

படிகாரம். கழுவிய அக்குளில், கட்டியை நனைத்து நாலைந்து முறை தேய்த்தால் வாடை குறையும், வியர்வையின் அளவு பெரிதாகக் குறையாது. கீறல் இருந்தால் காந்தும். ‘அலுமினியம் இல்லாத இயற்கைக் கல்’ என்று விலை கூட்டி விற்பதை நம்ப வேண்டாம், படிகாரமே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்தான். எலுமிச்சைச் சாறு புளிப்பால் எரிச்சல் தரும், அதோடு வெயில் பட்டால் தோல் கறுத்துப் புண்ணாகும். சோடா உப்பு காரத்தன்மை உள்ளது. தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. நாலு நாளில் சிவந்து, பிறகு கறுக்கும்.

வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சள் கறை போகவில்லை. ஜெர்சி பனியனைத் துவைத்து உடுத்தினாலும் பத்து நிமிடத்தில் பழைய வாடை திரும்பிவிடுகிறது.
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

மஞ்சள் கறை வியர்வை மட்டும் தந்ததல்ல, ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து நூலில் பிடித்தது. வெள்ளைதானே என்று பிளீச்சிங் போட்டால் மஞ்சள் இன்னும் ஏறும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி அக்குள் பகுதியை மட்டும் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு வழக்கம்போல் துவையுங்கள். கறை இருக்கும்போதே அயர்ன் பண்ணினால் சூட்டில் நிரந்தரமாகப் பிடித்துவிடும். இனிமேல் ராத்திரி பூசும் பழக்கத்துக்கு மாறினால் சட்டையில் ஒட்டுவதற்கே வழி குறையும்.

ஜெர்சி பாலியஸ்டர். அது தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்கு அது தீனி. விளையாடிவிட்டு நனைந்த ஜெர்சியைப் பையில் சுருட்டி வைப்பதுதான் முதல் தப்பு. வந்ததும் அலசிப்போடுங்கள். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் லிக்விடைப் பாலியஸ்டருக்கு விட்டுவிடுங்கள், அது நூலின் மேல் படலமாகப் படிந்து வாடையை உள்ளே பூட்டிவைக்கும்.

இன்னொன்று மழைக்காலம். ஆனி ஆடிச் சாரல் போதாதென்று ஐப்பசி கார்த்திகை மழையும் நமக்கு உண்டு. கொடியில் இரண்டு நாள் ஈரமாகத் தொங்கும் துணிக்குத் தனியாக ஒரு முடை நாற்றம் வரும். அது உங்கள் உடம்பு வாடை இல்லை, டியோவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும். பிழிந்ததும் ஃபேனுக்கு நேராக இடைவெளி விட்டுப் போட்டு, லேசான ஈரம் மீதி இருக்கும்போது அக்குள் பகுதியை உள்பக்கமாக அயர்ன் பண்ணிக் காயவையுங்கள்.

ரப்பர் பால்வெட்டு வேலை. உடம்பு முழுக்க வியர்க்கிறது. தொடை இடுக்கில் அரிப்பு. பவுடர் போடுகிறேன். டியோ அடிக்கலாமா?
*வாசகர், குலசேகரம்*

அந்த இடத்தில் டியோ வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் பட்டால் துள்ளிப் போவீர்கள். வேலை நடுவே பவுடரும் உதவாது. வியர்வையோடு சேர்ந்து களிபோல உருண்டு இடுக்கில் உரசும். அரிக்கும் இடம் வளையமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி க்ரீமை ஓரத்தைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வரைக்கும் பூச வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

க்ரீம் ட்யூப்பில் கிளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவை ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பை அடக்கி நம்மை நம்பவைக்கும், பூஞ்சையோ அடியில் பரவி வயிறு வரை ஏறும். ‘சீட்டு வேண்டாம், இது நல்லா கேக்கும்’ என்று எடுத்துத் தருவது பல நேரம் இதைத்தான். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களென்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.

பால் வெட்டி வந்ததும் நனைந்த ஜட்டியோடு டீக்கடையில் உட்காராமல், குளித்து, இடுக்கை ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். உங்கள் துவர்த்தை (துண்டை) வீட்டில் வேறு யாரும் எடுக்க வேண்டாம்.

மகள் பிளஸ் டூ. உள்ளங்கை வியர்த்து விடைத்தாளே நனைகிறது. எனக்கும் சிறு வயதில் இப்படி இருந்தது. பயமா, நோயா?
*வாசகி, கருங்கல்*

பயத்தால் கூடும், ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. இரண்டு கையிலும் ஒரேபோல, 25 வயதுக்கு முன்பே தொடங்கி, குடும்பத்திலும் இருந்து, தூங்கும்போது நின்றுவிடுகிறதென்றால் அது மிகைவியர்வை. நரம்பு வியர்வைச் சுரப்பிகளைத் தேவைக்கு மேல் தூண்டுகிறது. அக்குளுக்குச் சொன்ன 20 சதவீத லோஷனையே ராத்திரி உள்ளங்கையில் பூசலாம். தோல் தடிப்பு என்பதால் பலன் மெதுவாகத்தான் வரும். போதவில்லையென்றால் தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, அதில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோபோரெசிஸ் முறை உண்டு. முதலில் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம். தோல் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நரம்பை வெட்டும் ஆபரேஷனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், கை உலர்ந்து முதுகும் வயிறும் ஊற்றத் தொடங்குவது அதில் அடிக்கடி நடப்பது.

பரீட்சைக்குக் கைக்கு அடியில் ஒரு பருத்திக் கைக்குட்டை வைத்துக்கொள்ள முன்கூட்டியே பள்ளியில் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

தூக்கத்தில் தலையணை நனையும் அளவு வியர்ப்பது, எடை குறைவது, படபடப்பு, விடாத இருமல் இருந்தால் கதை வேறு. தைராய்டு, சர்க்கரை, காசநோய் பார்க்க வேண்டும். லோஷனில் நாளைக் கடத்த வேண்டாம்.

அலுமினியம் உள்ளதைப் பூசினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
*வாசகி, நாகர்கோவில்*

அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் பூச வேண்டாம், அவர்களுக்கு உடம்பில் சேரும் அலுமினியம் எளிதில் வெளியேறாது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகும் அன்று காலையில் அக்குளிலும் மார்பிலும் எதுவும் பூசாதீர்கள், பவுடர் உள்பட. அலுமினியத் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும், சுண்ணாம்புப் படிவு என்று நினைத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்கள். மறந்து பூசிவிட்டால் உள்ளே போகும் முன் அங்கிருக்கும் டெக்னீஷியனிடம் சொல்லி, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.