நீண்ட வலிப்புக்குப் பிறகு ஸ்கானில் தெரியும் வெள்ளை: கேள்வி பதில்

கேள்வி (விசுவமடு): மகனுக்கு 19 வயது. போன கிழமை முக்கால் மணித்தியாலம் வலிப்பு நிற்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிகிறதாம். பாரிசவாதமா, கட்டியா?

பதில்: அம்மா, அந்த வெள்ளை வலிப்பு விட்டுப்போன தடமாகவும் இருக்கலாம். வலிப்பு ஓடும்போது அந்த இடத்து நரம்புக் கலங்கள் ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. இரத்தம் கூடுதலாகப் பாய்ந்தும் ஒட்சிசனும் குளுக்கோசும் போதாமல் போக, சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகள் தளர்ந்துவிடும். கலத்துக்குள் தண்ணீர் ஏறி வீங்கும். ஸ்கான் காட்டுவது அந்த வீக்கத்தைத்தான். மூளையின் மேற்பட்டை, ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு உதவும் பகுதி), தலமஸின் (மூளையின் நடுவில் உள்ள பகுதி) பின்பகுதி ஆகிய இடங்களில் இது அடிக்கடி தெரியும். பாரிசவாதப் பழுது பெரும்பாலும் ஒரு இரத்தக்குழாய் ஊட்டும் எல்லைக்குள் நிற்கும். இது அப்படி நிற்பதில்லை. ஆனால் மூளைக்காய்ச்சலும் இதே மாதிரித் தெரியலாம். முதுகில் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.

கேள்வி (மாங்குளம்): தங்கச்சிக்கும் இப்படித்தான் வந்தது. எப்போது மறையும்?

பதில்: பலருக்குச் சில நாட்களில், அல்லது சில வாரங்களில். அதனால்தான் திரும்பவும் ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். சிலருக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாகிவிடும். இன்னொன்று: ஸ்கான் சுத்தமாக வந்துவிட்டது என்று குளிசையை நீங்களாக நிறுத்தவே கூடாது. வெள்ளை மறைந்தாலும் வலிப்பு வரும் தன்மை இருக்கலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009இல் பட்ட செல் பீஸ் தலைக்குள் இருக்கிறது. இப்போது வலிப்பு வருகிறது. எனக்கும் எம்.ஆர்.ஐ. எழுதித் தந்திருக்கிறார்கள்.

பதில்: அண்ணை, அறைக்குள் போக முதலே அதைச் சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு என்றால் அசையலாம், சூடேறலாம். எக்ஸ்ரேயோ சீ.ரி.யோ பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். வன்னியில் எத்தனையோ பேர் உடம்பில் இன்னும் இப்படித் துண்டுகளோடு இருக்கிறார்கள். கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் பழைய காயத்தின் தழும்பே வலிப்புக்குக் காரணமாகலாம். அது மறைகிற அடையாளம் அல்ல.

கேள்வி (துணுக்காய்): வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். அரை மணித்தியாலம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரும் அபாயம் கூடிவிடும்.