விறகு போடுவது நம் வேலை: தனிஜெபம், வேதவாசிப்பு பற்றிய கேள்வி பதில்

தனிஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் பற்றி உங்களில் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, பதில் சொல்லத் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: ஐயா, கிருபையினால்தான் இரட்சிப்பு என்கிறோம். அப்படியிருக்க, இத்தனை மணிக்கு எழு, இத்தனை அதிகாரம் வாசி என்று சொல்வது மறுபடியும் நியாயப்பிரமாணத்துக்குள், அதாவது கட்டளைகளைக் கைக்கொண்டு இரட்சிப்பைச் சம்பாதிக்கும் வழிக்குள், போவதாகாதா?

நல்ல கேள்வி தம்பி. லேவியராகமத்தில் இரண்டு இடங்களைச் சேர்த்து வாசியுங்கள். 9-ம் அதிகாரத்தின் கடைசியில் பலிபீடத்தின் அக்கினி கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்டு வருகிறது. எந்த மனிதனும் அதை மூட்டவில்லை. ஆனால் 6-ம் அதிகாரத்தில் ஆசாரியனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது: காலைதோறும் அதன்மேல் விறகு போடவேண்டும், நெருப்பு அவியக்கூடாது. அக்கினி அவருடையது, விறகு சுமப்பது நம் வேலை. விறகு சுமந்ததால்தான் கர்த்தருடைய சந்நிதியிலிருந்து நெருப்பு வந்தது என்று எந்த ஆசாரியனும் சொல்லிக்கொள்ள முடியாது.

"தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அங்கே கிரேக்கத்தில் இருப்பது உடற்பயிற்சிக் களத்துச் சொல். நாம் இன்று 'ஜிம்' என்று சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கிருபையைப் பற்றி அத்தனை எழுதியவரே இதையும் எழுதியிருக்கிறார்.

ஒழுங்கு எப்போது நியாயப்பிரமாணமாக மாறுகிறது தெரியுமா? ஜெபிக்காத நாளில் ஆண்டவர் நம்மைக் குறைவாக நேசிக்கிறார் என்று எண்ணும்போது. அல்லது, எழுந்திருக்காமல் தூங்குகிற சகோதரனை மனதுக்குள் தாழ்வாகப் பார்க்கும்போது. இரண்டில் ஒன்று உங்களுக்குள் எட்டிப்பார்த்தால் உடனே மன்னிப்புக் கேளுங்கள், எழுந்திருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் ஆதியாகமம் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன் அண்ணா. விட்டுப்போன அதிகாரங்கள் சேரச்சேர வேதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க தினமும் மூன்று, நான்கு அதிகாரம் வாசிக்கவேண்டும். பழக்கமே இல்லாதவருக்கு இது பெரிய பாரம். நான்கு சுவிசேஷங்களில் தொடங்குங்கள். மொத்தம் 89 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் இயேசுவோடு முழுப் பயணமும் போய்விடலாம்.

பாக்கி வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரை சோம்பலைவிடப் பாக்கிக் கணக்குதான் பலரை நிறுத்திவிடுகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமாகக் கிடைத்த மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. நேற்றுப் பொறுக்காமல் விட்டதை இன்று போய்த் தேடியவர் யாருமில்லை. நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கையும் விட்டுவிட்டு இன்றைய அதிகாரத்தைத் திறங்கள்.

இன்னொன்று: இரவு படுக்கப்போகுமுன் மறுநாள் வாசிக்கவேண்டிய பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்துவிடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். கண் விழித்ததும் கை எதைத் தொடுகிறதோ, அதன் பின்னால்தான் மனமும் போகிறது.

கேள்வி: எனக்கு இரவுப்பணி. மற்றவர்கள் அதிகாலை ஜெபத்துக்கு எழும்போது நான் படுக்கப்போகிறேன். என் ஜெபம் மட்டமா?

இல்லவே இல்லை. ஆண்டவர் இருட்டோடே எழுந்து ஜெபித்ததாக மாற்கு எழுதுகிறார். இராமுழுவதும் மலையில் ஜெபித்ததாக லூக்கா எழுதுகிறார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். நீங்கள் எந்த வேளையில் விழிப்பாக இருக்கிறீர்களோ, அந்த வேளையைக் கொடுங்கள். தூங்கி விழுகிற நேரத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து ஜெபிக்க ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை ஐயா.

மகளே, ஒரு வசனத்தைத் தாளில் எழுதி, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டிவையுங்கள். ஒரு வாரத்துக்கு அந்த ஒரு வசனம் போதும். 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகர மடம் ஒன்றின் சமையலறையில் வேலைசெய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களுக்கு நடுவிலேயே தேவசமுகத்தை உணரப் பழகினவர்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை: தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளைகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் ஊழியம் அதுதான்.

கேள்வி: ஜெபிக்கிறேன், எதுவுமே உணர்வதில்லை. சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. இதனால் பெலன் எப்படி வரும்?

பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1841-ல் இதைப் பற்றி எழுதினார். முன்பெல்லாம் எழுந்ததும் ஜெபிக்க ஆரம்பிப்பாராம், சில நாள் அரைமணி நேரம்வரை மனம் அலைந்துகொண்டே இருக்குமாம். பிறகு முதலில் வேதத்தைத் தியானித்து, அந்த வசனத்திலிருந்தே ஜெபத்துக்குப் போகத் தொடங்கினார். அப்படிச் செய்துபாருங்கள். சங்கீதத்தில் ஒரு வரியை வாசித்து, அதையே உங்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்.

பெலன் எப்படி வரும் என்று கேட்டீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இரவு, வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டு இருக்கும். ஜெபிக்க வாய் வரவில்லை. இருபது வருஷ விசுவாசிக்கு "ஆண்டவரே" என்பதற்குமேல் ஒரு வார்த்தை எழும்பவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அப்போது, "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற வரி தானாக வந்தது. 121-ம் சங்கீதம். எந்த உணர்ச்சியும் இல்லாத ஏதோ ஒரு மழைக்கால மாதத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே மனப்பாடம் செய்தது. எட்டு வசனமும் வரிசையாக வந்தன. விடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாவீது தங்கியிருந்த சிக்லாகு ஊர் எரிந்து, கூட இருந்தவர்களே கல்லெறியப் பேசிக்கொண்டபோது, தாவீது கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான் என்று வாசிக்கிறோம். அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே கர்த்தரைத் தேடிப் பழகியிருந்தவன் அவன். நீங்கள் இன்று சுவரோடு பேசுவதாக நினைக்கும் காலைவேளைகளும் அப்படித்தான் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் வறட்சியோடு தூக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது தூக்கமும் ஆகாரமும்தான்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உபவாசம் இருக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் இருக்காதீர்கள். உணவை விடுவதற்குப் பதிலாக ஒருநாள் போனை ஒதுக்கிவைக்கலாம், அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். உண்மையான உபவாசம் எது என்று சொல்லும் ஏசாயா 58-ஐயும் வாசியுங்கள்.

கேள்வி: ஒரே பாவத்தில் திரும்பத்திரும்ப விழுகிறேன். விழுந்த நாளில் வேதத்தைத் தொடவே வெட்கமாக இருக்கிறது. நாலைந்து நாள் கழித்துத்தான் ஜெபிக்க மனம் வருகிறது.

அந்த நாலைந்து நாளில்தான் நீங்கள் அதிகம் இழக்கிறீர்கள். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்த பேதுருவுக்கு அவர் கடற்கரையில் நெருப்பு மூட்டிவைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். 'நீ என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்விகூட சாப்பிட்ட பிறகுதான் வந்தது.

ஆகவே விழுந்த அன்றைக்கே, அந்த வெட்கத்தோடேயே, வழக்கமான இடத்தில் முழங்காற்படியிடுங்கள். சுத்தமான பிறகு வருகிறேன் என்று காத்திருக்காதீர்கள். சபையில் வாய் அடக்கமுள்ள, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிற பாவ அறிக்கை அதுதான். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள் தம்பி, சேர்ந்து யோசிப்போம்.